புத்தூர்: பல்கலைக்கழக மாணவரின் பிரயாணம்

யாழ்ப்பாணத்தையும் பருத்தித்துறையையும் இணைக்கும் பெருவீதியிலே, வற்றாத நிலாவரைக் கிணற்றுக்கு அயலாக அமைந்த விவசாயக் கிராமமாகிய புத்தூரிலிருந்து, திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரமே உண்டு. இத்தூரத்தைப் பஸ்ஸிற் கடப்பதா, சொந்த வாகனத்திற் கடப்பதா என்பதை மாணவரின் விருப்பத்திலும் பார்க்க வீதியின் அமைப்பே பெரிதும் நிர்ணயிக்கின்றது.

புத்தூர்ச் சந்தியில் ஏறும் மாணவரைப் பருத்தித்துறைப் பஸ் நீர்வேலி, கோப்பாய், இருபாலை வழியாக நகருக்குக் கொண்டு செல்லுமேயன்றி, பலாலி வீதிப் பக்கமாயுள்ள பல்கலைக்கழக வாயிலைத் தொடுவதில்லை. ஆதலால் அவர் கல்வியங்காட்டில் இறங்கி, ஆடியபாதம் வீதி வழியே வெயிலில் நடத்தல் வேண்டும், அன்றேல் நகர்வரை சென்று வேறொரு பஸ்ஸில் திரும்பி வருதல் வேண்டும். பருவச்சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பஸ்ஸுக்கு மாத்திரமே செல்லுபடியாவதால், அதனைக் கையில் வைத்திருப்பவர் முன்னே வந்து நிற்கும் தனியார் பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்து நிற்கும் காட்சியும் சாதாரணமானதே. கட்டணத்தைக் காட்டிலும் இக்காத்திருப்பும் கடைசி நடையுமே, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டிக்கும் திருப்பிவிடுகின்றன என்பது எமது துணிபு. பெருவீதிப் பஸ்ஸின் நேரத்தோடு பொருந்தக் கல்வியங்காட்டிலிருந்து வளாகத்துக்கு ஒரு சிற்றூர்தி ஓடுமாயின், வாகனம் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அது பேருபகாரமாகும்.

1974 ஆம் ஆண்டு பரமேஸ்வராக் கல்லூரி இருந்த நிலத்தில் வளாகம் ஆரம்பமான காலந்தொட்டுச் சைக்கிளும் மாணவர்க்கு உற்ற துணையாயிருந்தது. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களுக்கிடையே, கரியரில் ஒருவரும் பாரில் ஒருவருமாகச் சைக்கிளிற் சென்றே ஒரு தலைமுறை பட்டம் பெற்றது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலே, மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் என்று பங்கீடு விதிக்கப்பட்டபொழுது, கைவிடப்பட்டிருந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இப்பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்களில் இடம்பெற்ற புத்தூர் மாணவருக்கோ பஸ்ஸா சொந்த வாகனமா என்னும் தெரிவு பெரும்பாலும் எழுவதில்லை. தூரம் மிகுதியாதலின் அவர்கள் விடுதியில் தங்கி, விடுமுறைக்கே பஸ்ஸில் ஊர் திரும்புவர்.