கோஹோ காய்ச்சல்: ஒரு ஆறு, ஒரு மீன், ஏழு பேர்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. நடுவுல ஒரே ஒரு சனி, ஞாயிறு கிடைச்சது. மீன் பிடிக்கப் போயிட்டு வந்தேன். மீன் கிடைச்சதான்னு உடனே கேட்காதீங்க, கடைசியில சொல்றேன். மீனை விடப் பெரிய கதை ஒண்ணு கிடைச்சுது, அதை முதல்ல சொல்லிடறேன்.

நான் இப்போ பொட்டி தட்டுறது அமெரிக்காவுல, மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ்ல. அங்கிருந்து வடக்கே ரெண்டரை மணி நேரம் கார்ல போனா பிளாட்னு ஒரு சின்ன ஆறு வரும். மிச்சிகன் ஏரியில போய்க் கலக்குது. ஏரின்னதும் நம்மூர்க் கண்மாயை நினைச்சுக்காதீங்க. பரப்பளவு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுல பாதிக்குக் கொஞ்சம் கம்மி. கரையில நின்னா எதிர்க்கரை தெரியாது. உப்பு இல்லாத கடல்னு வெச்சுக்கங்க.

எனக்கு மீன் பிடிக்கத் தெரியும்னு ஒரு மிதப்பு இருந்துச்சு. சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. மூங்கில் குச்சி, நைலான் நரம்பு, தக்கை, மண்புழு, இதை வெச்சு ஜிலேபி மீனா இழுத்துப் போட்டவன். அதே நெனப்புல இங்கேயும் லைசென்ஸ் வாங்கி, கடையில புழு டப்பாவும் வாங்கி, ரூம்மேட்டைக் கூட்டிக்கிட்டு சனிக்கிழமை காலையில ஆத்துல இறங்கியாச்சு. ரெண்டு கரையிலும் மேப்பிள் மரம் எல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிக்குது. தண்ணி ஐஸ் மாதிரி. நெஞ்சு வரைக்கும் வர்ற ரப்பர் கால்சட்டை மாட்டியிருந்தும் கால் விறைக்குது.

கொடுமை என்னன்னா மீன் கண்ணுக்கு முன்னாடியே போகுது. முழங்கை நீளம், சிலது அதை விடப் பெருசு. புழுவுக்குப் பக்கத்துலயே வந்து, திரும்பிக்கூடப் பார்க்காம மேலே ஏறிப் போகுது. நாலு மணி நேரம். ஒண்ணுகூடக் கடிக்கல.

கரையில ஒரு வயசான வெள்ளைக்காரர் ரொம்ப நேரமா என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தார். கடைசியில சிரிச்சுக்கிட்டே வந்து, "அதுங்க சாப்பிடாதுப்பா, வீணா புழுவைக் காட்டாதே"ன்னார். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. இது கோஹோ சால்மன். ஆத்துல பொறந்து, பெரிய தண்ணிக்குப் போய் வளர்ந்து, முட்டையிட பொறந்த ஆத்துக்கே திரும்பி வந்து சாகிற ஜாதி. ஆத்துக்குள்ள நுழைஞ்சதுமே இரை தேடுறதை நிறுத்திடும். அப்போ எப்படிப் பிடிக்கிறது? பளபளன்னு சுத்துற ஸ்பின்னரை அதும் மூக்குக்கு முன்னாடி இழுத்தா, எரிச்சல்லயோ பழக்க தோஷத்துலயோ கடிக்கும். அதுவும் விடியற்காலையில, வெளிச்சம் கம்மியா இருக்கும்போது.

அதோட இன்னொண்ணும் சொன்னார். இடுப்புல பெல்ட் கட்டாம இந்தக் கால்சட்டையோட இறங்காதே, தடுக்கி விழுந்தா உள்ளே தண்ணி ரொம்பிடும்னார். பெல்ட்டா? நான் காருலயே வெச்சுட்டு வந்திருந்தேன். ஹி ஹி.

கிளம்பும்போது முகத்துவாரம் இருக்கிற பக்கமா கையைக் காட்டி, "1967ல எனக்கு பதினோரு வயசு. எங்க அப்பாவோட அந்தக் கரையில நின்னுக்கிட்டு இருந்தேன்"னார். அவ்ளோதான். மேல எதுவும் சொல்லல. நானும் கேட்கல.

ராத்திரி மோட்டல்ல தூக்கம் வரல. 1967ல அப்படி என்னதான் நடந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். படிச்சு முடிக்கும்போது மணி ரெண்டு.

முதல் ஆச்சரியம்: இந்த ஆறு மட்டும் எனக்குப் புதுசு இல்லை, இந்த மீனே இந்த ஆத்துக்குப் புதுசு! கோஹோவோட பூர்வீகம் பசிபிக் கடல் பக்கம். இங்கே எப்படி வந்ததுன்னு தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

நயாகரா அருவியைச் சுத்திக் கப்பல் போகறதுக்காக 1829ல வெல்லண்ட் கால்வாயைத் திறந்தாங்க. அருவிதான் அதுவரைக்கும் மேல இருந்த ஏரிகளுக்குக் கதவு மாதிரி. கதவைத் திறந்தா கப்பல் மட்டுமா வரும்? சீ லாம்ப்ரேன்னு விலாங்கு மாதிரி ஒரு ஜந்து. வட்டமான வாய் முழுக்கப் பல்லு. மத்த மீன் மேல ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சும். 1921ல ஈரி ஏரியில தெரிஞ்சது, 1936ல மிச்சிகன் ஏரியில. ஏற்கெனவே வலை போட்டு வாரிக்கிட்டு இருந்த லேக் ட்ரவுட் மீனை இதுவும் சேர்ந்து ஒழிச்சது. 1950களின் நடுவுல மிச்சிகன் ஏரியில அந்த மீன் கிட்டத்தட்ட இல்லை.

பெரிய மீன் போனதும் சின்ன மீனுக்குக் கொண்டாட்டம். ஏல்வைஃப்னு நம்ம மத்தி மாதிரி ஒரு வெள்ளி மீன், அதுவும் கால்வாய் வழியா மேலே பரவினதுதான். மிச்சிகன் ஏரிக்கு 1949ல வந்து சேர்ந்துச்சு. பிடிச்சுத் தின்ன ஆள் இல்லாததால பல கோடியாப் பெருகிடுச்சு. 1967 கோடையில கூட்டம் கூட்டமாச் செத்துக் கரை ஒதுங்குச்சு. சிகாகோ வரைக்கும் நாத்தம். புல்டோசர் வெச்சு அள்ளினாங்க.

இதுக்கு நடுவுல, 1964ல, மிச்சிகன் மீன்வளத் துறைக்குத் தலைவரா வந்தவர் ஹோவர்ட் டானர். லாம்ப்ரே குஞ்சுகளை மட்டும் கொல்ற ஒரு மருந்தை 1950களின் கடைசியில கண்டுபிடிச்சு ஆறுகள்ல விட ஆரம்பிச்சிருந்தாங்க. எதிரி கொஞ்சம் அடங்கியாச்சு, தீனி ஏரி முழுக்க நீந்துது. அப்போ தீனியைத் தின்ன ஒரு பெரிய மீனைக் கொண்டு வந்தா என்ன? இதான் அவர் கணக்கு. 1870கள்லயே பசிபிக் சால்மனை இங்கே விட்டுப் பார்த்திருக்காங்க, நிலைக்கல. ஆனாலும் டானர் துணிஞ்சார். ஓரிகன் மாநிலத்துல மிச்சமா இருந்த கோஹோ முட்டை பத்து லட்சம் வந்து இறங்குச்சு. பொரிச்சு, ஒண்ணரை வருஷம் வளர்த்து, 1966 ஏப்ரல் 2ஆம் தேதி பிளாட் ஆத்துல முதல் குஞ்சுகளை விட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்டிங் பண்ண வழியே இல்லாம நேரா ப்ரொடக்‌ஷன்ல ரிலீஸ்!

ரிலீஸ் சூப்பர் ஹிட். குஞ்சுகள் ஏரிக்குப் போய் ஏல்வைஃபைத் தின்னு கொழுத்துச்சு. 1967 இலையுதிர்காலத்துல, தான் வளர்ந்த தண்ணியோட வாசனையைத் தேடி பிளாட் ஆத்து முகத்துவாரத்துல வந்து குவிஞ்சுது. செய்தி பரவினதும் ஜனம் கிளம்பிடுச்சு. இதுக்கு 'கோஹோ காய்ச்சல்'னே பேரு வெச்சுட்டாங்க. அது வரைக்கும் சின்னச் சின்ன ஏரிகள்ல கையகல மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தவங்க, அதே அலுமினியப் படகு, அதே மெல்லிய நரம்போட அந்தப் பெரிய தண்ணியில இறங்கினாங்க. மீன் புதுசு, தண்ணி புதுசு, சொல்லித்தர முன்அனுபவம் உள்ள ஒருத்தரும் இல்லை.

செப்டம்பர் 23, சனிக்கிழமை. சின்னப் படகுகளுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க. ஆனா மீன் அங்கே துள்ளிக்கிட்டு இருக்கு. ஏகப்பட்ட படகுகள் உள்ளே போயிடுச்சு. காத்து ஏறினதும் பிளாட் விரிகுடாவுல அலை எழும்பி, படகுகள் கவிழ்ந்தும் கரையில மோதியும் சிதறிப் போச்சு. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்ல வந்து முடிஞ்சவங்களைக் காப்பாத்துச்சு. ஏழு பேர் செத்துட்டாங்க.

அந்தப் பதினோரு வயசுப் பையன் கரையில நின்னு பார்த்தது இதைத்தான்.

யார் மேல தப்புன்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். டானர் மேலயா? அவர் திட்டம் ஜெயிச்சதாலதான் கூட்டம் வந்துச்சு. செத்தவங்க மேலயா? அவங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும். ஆனா வேற தண்ணியில. எனக்கு என்ன தோணுதுன்னா, தண்ணியை நாம ரெண்டு வருஷத்துல மாத்திடலாம். அதைப் படிச்சுக்கறதுக்கு ரெண்டு வருஷம் பத்தாது.

அதுக்கப்புறமும் பாடம் முடியலை. கடிக்காத மீனை முள்ளால உடம்புல குத்தி இழுக்கறதை ஆரம்பத்துல சில இடங்கள்ல அரசாங்கமே அனுமதிச்சு, பின்னாடி தடை பண்ணிச்சு. ஆத்தோரத்துல இருக்கிற மீன் பண்ணையோட கழிவால பிளாட் ஏரித் தண்ணி கெடுதுன்னு உள்ளூர்க்காரங்க 1986ல வழக்குப் போட்டு, 2000ல சமரசம் ஆச்சு. விளையாட்டுக்குத் தூண்டில் போடறவங்களுக்காக வலைக்காரங்களை ஒதுக்கினப்போ, 1836 ஒப்பந்தப்படி எங்களுக்கு மீன்பிடி உரிமை இருக்குன்னு பூர்வகுடிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 1979ல ஜெயிச்சாங்க. பக்கத்து ஹியூரான் ஏரியில 2003-04 வாக்குல ஏல்வைஃப் சரிஞ்சதும், அதை நம்பியிருந்த சினூக் சால்மனும் சரிஞ்சது. எதைத் தொல்லைன்னு ஒழிக்க நினைச்சாங்களோ, அதுவே இல்லாம சால்மன் பிழைக்க முடியல.

ஒரு விஷயம் சிரிப்பா இருந்துச்சு. நான் சின்ன வயசுல பிடிச்ச ஜிலேபி மீனும் நம்மூர் மீன் இல்லை. பூர்வீகம் ஆப்பிரிக்கா, 1952ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. ஆத்தோட பொறந்த மீன்னு இத்தனை நாள் நெனச்சிருந்தேன்.

சரி, ஞாயித்துக்கிழமை கதைக்கு வர்றேன். ரூம்மேட் கயாக் வாடகைக்குப் பேசி வெச்சிருந்தான். முகத்துவாரம் தாண்டி ஏரிக்குள்ள கொஞ்சம் போனா மீன் கூட்டமா நிக்கும்னு எவனோ சொல்லியிருக்கான். ஆறு கண்ணாடி மாதிரி அமைதியா இருக்கு. ஆனா போன்ல வானிலையைப் பார்த்தா ஏரியில சின்னப் படகு எச்சரிக்கை.

"இங்க காத்தே இல்லியே மச்சான், இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"நான் வரல. நீயும் போகக் கூடாது."

அவனுக்குச் செம கோபம். கஞ்சத்தனம், பயந்தாங்கொள்ளித்தனம்னு என்னென்னமோ சொன்னான். அரை மணி நேரம் பேசவே இல்லை. அப்புறம் முகத்துவாரத்துக்கு நடந்தே போனோம். மணல் மேடு தாண்டினதும் காத்து மூஞ்சில அறைஞ்சுது. வரிசை வரிசையா வெள்ளை அலை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னான். "சரி வாடா, ஆத்துலயே போடுவோம்"னான்.

சாயங்காலம் வெளிச்சம் குறையும்போது என் ஸ்பின்னரை ஒண்ணு கடிச்சுது. பத்து செகண்ட் இருக்கும். நரம்பு அறுந்து போச்சு. ஆக, மீன் கிடைக்கல மக்களே.

பெல்ட் மட்டும் கட்டியிருந்தேன்.

கொசுறு: நம்மாளுங்க யாராவது இந்தப் பக்கம் மீன் பிடிக்க வந்தா, புழு டப்பா வாங்கறதுக்கு முன்னாடி கரையில நிக்கிற பெரியவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிடுங்க. எனக்கு அது நாலு மணி நேரம் கழிச்சுத்தான் தோணுச்சு.