நெருக்கடிக்கால மருத்துவச் செலவு (கெடா)

நெருக்கடிக்கால மருத்துவச் செலவு என்பது, வருவாய் சுருங்கும்போது அரசு சுகாதாரச் செலவைக் குறைப்பதையும் தள்ளிப்போடுவதையும் பிறர் தலையில் ஏற்றுவதையும் குறிக்கும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றில் மூன்றாவதே முதன்மையானது.

காலனியாட்சியில் தொழிலாளரின் மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. காய்ச்சலுக்கு டிரசர் என்னும் தோட்ட மருத்துவ உதவியாளர் மருந்து கொடுத்தார். நோய் முற்றினால் தோட்ட மருத்துவமனை. ஆகவே ரப்பர் விலையே சிகிச்சையின் அளவையும் தீர்மானித்தது. பெருமந்தத்தில் அவ்விலை சரியவே, 1930இல் தென்னிந்தியாவிலிருந்து பயண உதவியுடன் தொழிலாளர் வருவது நிறுத்தப்பட்டது. வேலையிழந்தோர் பெருந்தொகையாகத் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களின் நோயைப் பார்க்கும் பொறுப்பும் கடல் கடந்தது. இதைச் சேமிப்பு என்பதைவிடச் சுமைமாற்றம் என்பதே சரி.

பின்னர் வந்த ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1997 நடுவில் டாலருக்கு ஏறத்தாழ 2.50 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த மாற்றுவிகிதம் 1998 ஜனவரியில் 4.80ஐத் தாண்டியது; இறக்குமதி மருந்துகளின் விலை ஏறியது. அரசோ 1997 டிசம்பரில் தன் செலவை 18 விழுக்காடு குறைப்பதாக அறிவித்திருந்தது. வரவு குறைந்தால் செலவையும் குறைக்கத்தானே வேண்டும் என்பர். குடும்பத்துக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு அரசு மருத்துவமனைக்குப் பொருந்தாது. தனியார் கட்டணத்தைக் கட்ட இயலாதவர்களும் அங்கேயே வந்து சேர்வதால், பணம் வற்றும் மாதத்தில்தான் வரிசை நீள்கிறது. 1998 நடுவில் அரசு சிக்கனத்தைத் தளர்த்தி மீட்புத் திட்டத்துக்கு மாறியது. மருந்தும் சேர்த்துக் குடிமக்கள் செலுத்தும் 1 வெள்ளி வெளிநோயாளிக் கட்டணம் அந்த நெருக்கடியிலும் உயர்த்தப்படவில்லை.