தசையை விட்டு இரத்தக் குழாய்க்கு: சொந்தத் திசுவால் மார்பக மறுவமைப்பு

மார்பக மறுவமைப்பின் வரலாற்றை 1895இல் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி செய்த அறுவையிலிருந்து தொடங்குவது வழக்கம். ஒரு பெண்ணின் மார்பில் கட்டியை அகற்றியதால் உண்டான பள்ளத்தை, அவருடைய இடுப்புப் பக்கத்தில் இருந்த கொழுப்புக் கட்டியைக் கொண்டு செர்னி நிரப்பினார். நல்ல யோசனைதான், ஆனால் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் கொழுப்புக் கட்டி எல்லாருக்கும் வாய்த்துவிடாது. ஆகவே இதை முறை என்பதைவிட வாய்ப்பு என்பதே பொருந்தும்.

முறை என்று சொல்லத்தக்கது இத்தாலியில் பாவியா நகரின் இஜினியோ தன்சினியிடம் பிறந்தது. மார்பகம் நீக்கிய புண்ணை மூட, 1896இல் அவர் முதுகுத் தோலைக் காம்பு அறாமல் திருப்பிப் போட்டார். அந்தத் தோல்மடலின் நுனி அழுகிற்று. தோலுக்கு இரத்தம் அடியிலுள்ள தசை வழியாக ஏறிவருகிறது என்பது பிடிபட்டதும், 1906இல் அகன்ற முதுகுத் தசையையும் சேர்த்தே எடுத்தார், மடல் பிழைத்தது.

பிறகு ஏன் அது மறக்கப்பட்டது? பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த தீவிர மார்பக நீக்கமே அக்காலத்து வேதம். வேறிடத்துத் தோலை இழுத்துவந்து புண்ணை மூடுவதை அவர் ஏற்கவில்லை. நோய் திரும்பினால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அந்த மரபின் கவலை. கவலை நேர்மையானதுதான். ஆனால் விலாவெலும்பு துருத்தும் மார்போடு வாழ்ந்த பெண்களின் பக்கத்திலிருந்து அக்கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. கதிர்வீச்சால் புண்ணான மார்பை மூட 1976இல் ஜெர்மனியில் நெவன் ஒலிவாரி அதே முதுகுத் தசையை எடுத்தபோது, எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இடையில் அறுவை மருத்துவர் ஹரால்ட் கில்லீஸ் 1942இல் வயிற்றுத் தோலைக் குழலாகச் சுருட்டி, கட்டம் கட்டமாக மார்புக்கு நகர்த்தினார். பல அறுவைகள், நீண்ட காத்திருப்பு.

வயிற்றை வசமாக்கியவர் அட்லாண்டாவின் கார்ல் ஹார்ட்ராம்ப். 1982இல் வெளிவந்த அவருடைய 'ட்ராம்' முறையில், தொப்புளுக்குக் கீழுள்ள தோலும் கொழுப்பும் நேர்வயிற்றுத் தசையைக் காம்பாகக் கொண்டு, தோலுக்கடியில் சுரங்கம்போல் குடைந்த வழியே மேலேறின. தொட்டால் மென்மையான, உடல் எடையோடு ஏறி இறங்கும் மார்பகம் கிடைத்தது. விலையும் இருந்தது: தசை போன வயிறு தளர்ந்தது, சிலருக்குக் குடலிறக்கம் வந்தது.

விந்தை என்னவென்றால், ஸ்வீடனின் ஹான்ஸ் ஹோல்ம்ஸ்ட்ரோம் 1979லேயே வயிற்றுத் திசுவை முழுதாகத் துண்டித்து, மார்பருகே இரத்தக் குழாயோடு இணைத்துக் காட்டியிருந்தார். அன்று பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தசையே தேவையில்லை, அதைத் துளைத்துவரும் குழாய் போதும் என்பதை 1989இல் ஜப்பானில் கோஷிமாவும் சோயேடாவும் காட்டினர். 1992இல் அமெரிக்காவின் லூசியானாவில் ராபர்ட் ஆலன் அதை மார்பகத்துக்குக் கொண்டுவந்தார். 'டீப்' மடல் என்பது அதுவே. தசையிழைகளை வெட்டாமல் விலக்கி, குழாயை அதன் வேர்வரை தொடர்ந்து உருவி எடுக்கவேண்டும். பிறகு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள அக்குழாயை விலாக் குருத்தெலும்புக்குப் பின்னுள்ள குழாயோடு, நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள்.

அன்றிரவு செவிலியர் அடிக்கடி வந்து மடலை விரலால் அழுத்திப் பார்ப்பார். மடலே வெளுத்துக் கிடந்தால் தமனியில் அடைப்பு. நீலம் பாரித்தால் சிரையில். இரண்டில் எதுவானாலும் நோயாளி உடனே மீண்டும் அறுவைக் கூடத்துக்குப் போகவேண்டியதுதான்.