காலை எடுக்காதே: பின்சக்கரத்துக்குள் இருக்கும் பூட்டின் கதை

இந்த எபிசோடு எங்க தெருவில் இருந்தே ஆரம்பிக்குது. ஆவடி பக்கம் பருத்திப்பட்டு, நவம்பர் மழை. குழாய் போடத் தோண்டின பள்ளத்தை மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிருந்தாங்க. ரெண்டு நாள் மழையில் அந்த மண் அரைச்ச மாவு மாதிரி ஆகிடுச்சு. எங்க பாட்டிக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். அன்றைக்குப் பூந்தமல்லிக்குப் போயே ஆகணும், தள்ளிப்போட முடியாது. பின்சீட்டில் பாட்டியும் அம்மாவும், முன்னாடி அப்பா, ஓட்டுறது நான். தெருமுனையில் ஒதுங்கினப்போ இடது பின்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கிடுச்சு.

மிதிச்சேன். இடது சக்கரம் விர்ருனு சுத்துது, சேறு எதிர்வீட்டு காம்பவுண்டு வரைக்கும் தெறிக்குது. வலது பின்சக்கரம் நல்ல சிமெண்ட் ரோட்டில்தான் நிக்குது, ஆனா அசையவே மாட்டேங்குது. சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் ஒவ்வொரு தடவையும் காலை எடுத்துட்டேன். சுத்தவிட்டா குழி ஆழமாகும்னுதானே ஓட்டக் கத்துக்கும்போது சொல்லிக்கொடுத்தாங்க? நாலாவது தடவை அப்பா சொன்னார்: "காலை எடுக்காதடா. மெதுவா மிதிச்சுக்கிட்டே இரு, கொஞ்சம் சுத்தட்டும்." மிதிச்சேன். பின்னாடி 'டக்'குனு ஒரு சத்தம். "என்னடா ஒடஞ்சுது?" என்றார் பாட்டி. வலது சக்கரமும் சேர்ந்து சுத்த, வண்டி ஒரு குலுக்கலோடு மேலே ஏறியது.

எதுவும் உடையலை, பூட்டு விழுந்த சத்தம்தான் அது. எங்க வண்டியின் பின் ஆக்சிலில் தானாகவே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் இருக்கு. ஒன்றரை வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாது. மேனுவல் பிளாஸ்டிக் கவரோட டேஷ்போர்டுக்குள்ள தூங்கிட்டிருந்தது, அப்பா மட்டும் படிச்சிருக்கார். அவர் ஆவடி ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் டாங்கி செய்த கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதலில் அடிப்படைக் கேள்வி: பூட்டுறதுன்னா எதை?

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் போகணும். ரெண்டையும் ஒரே கம்பியில் இறுக்கி மாட்டினால் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வரும். மாட்டு வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றுகின்றன, இழுப்பது மாடு. சக்கரத்தையே எஞ்சின் சுற்ற வேண்டும் என்று வந்தபோதுதான் சிக்கல். 1828-இல் பாரிஸில் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். சக்தி ஒரே இடத்திலிருந்து வரும், ரெண்டு சக்கரமும் வேறவேற வேகத்தில் சுத்தலாம். இன்றைக்கு லாரி ஷெட்டில் 'கிரவுனு, பினியனு' என்று சொல்கிறார்களே, அந்தக் குடும்பத்தின் தாத்தா இவர்தான்.

அடுத்தது சைக்கிள்காரர்கள். இங்கிலாந்தின் காவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி, 1877-இல் இதையே பெடல் வண்டிக்குள் கொண்டுவந்தார். அவரும் மகனும் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு சக்கரத்தை மிதித்தார்களாம். பையனுக்குக் கால் வலு ஜாஸ்தி, வண்டி ஒரு பக்கமாக ஓடி ரெண்டு பேரையும் செடிக்குள் தள்ளிவிட்டது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ரெண்டு பேர் உழைப்பையும் சேர்த்து ரெண்டு சக்கரத்துக்கும் சமமாகப் பிரித்துக்கொடுத்தது அவருடைய டிஃபரன்ஷியல். அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி நிழலில் வளர்ந்த எனக்கு, காருக்குள் இருக்கும் இந்தச் சாமான் சைக்கிள் வீட்டிலிருந்து வந்ததில் ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனால் 'சமமாக' என்ற அந்த வார்த்தையில்தான் வில்லங்கம். சாதாரண டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் எவ்வளவு குறைவாகத் தாங்குமோ, அவ்வளவுதான் நல்ல ரோட்டில் இருக்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஒரு சர்வர் படுத்துவிட்டது. வர்ற ரிக்வெஸ்டை எல்லாம் உடனுக்குடன் எர்ரர் என்று திருப்பி அனுப்புது. லோடு பேலன்சரோ "ஆகா, இவன் ஃப்ரீயா இருக்கான்" என்று எல்லாவற்றையும் அவனிடமே தள்ளுது. எங்க இடது பின்சக்கரம் செய்தது அதே வேலை.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் போதாதா என்று கேட்பீங்க. போருக்குப் பின் இந்தியாவுக்கு வந்த வில்லீஸ் ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் சக்தி உண்டு. ஆனால் முன்னும் பின்னும் சாதாரண டிஃபரன்ஷியல்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூலைக்கு மூலை சக்கரம் அந்தரத்தில் நின்றால் ஜீப்பும் நின்றுவிடும்.

இதற்குப் பாதி மருந்தைத் தேடியவர்கள் ரேஸ்காரர்கள். 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் ரேஸ் காரில் எஞ்சின் பலம் தாங்காமல் ஒரு பின்சக்கரம் சுத்திக்கொண்டே இருந்தது. ஜெர்மனியின் இசட்.எஃப் கம்பெனியிடம் சொல்லி வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்ய வைத்தார். எங்க வண்டியில் இருக்கும் வகை அமெரிக்காவில் பிறந்தது. 1973-இல் ஈட்டன் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸின் பிக்கப் வண்டிகளுக்காகக் கொண்டுவந்தது. அதன் ஆர்டர் கோடு ஜி80, அந்தப் பெயரிலேயே அங்கே பிரபலம். பட்டனும் கிடையாது, லீவரும் கிடையாது.

எப்படி வேலை செய்யுது? உள்ளே சின்னதாக ரெண்டு எடைகள். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே வேக வித்தியாசம் நிமிஷத்துக்கு சுமார் 100 சுற்றைத் தாண்டினால் இந்த எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். உடனே ஒரு சாய்வுத் தட்டு நகர்ந்து, கிளட்ச் தட்டுகளை நெருக்கி, ரெண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கட்டிவிடும். அதுதான் அந்த 'டக்'. மணிக்கு சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது.

100 சுற்று என்ற கணக்கு எதற்கு? போட்டுப் பார்த்தேன். எங்க டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். அம்பத்தூர் ஓ.டி.யில் 10 கிலோமீட்டர் வேகத்தில் இறுக்கமாக ஒரு யூ-டர்ன் போட்டால் உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் 3 கிலோமீட்டர் வித்தியாசம்தான் வரும், அதாவது நிமிஷத்துக்கு 20, 25 சுற்று. பூட்டு அசையாது. ஒரு சக்கரம் நின்று, இன்னொன்று மட்டும் 13 கிலோமீட்டர் வேகத்தில் சுத்தினால்தான் 100. திருப்பத்துக்கும் சேற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை சென்சாரும் இல்லாமல் கோடும் இல்லாமல் ரெண்டு இரும்புத் துண்டு கண்டுபிடிக்குது. இதே வேலைக்கு நான் ஆயிரம் வரி எழுதியிருப்பேன், அதிலும் பக் இருந்திருக்கும்.

நான் செய்த தப்பும் இந்தக் கணக்கிலேயே இருக்கு. ஒவ்வொரு தடவையும் 100 சுற்று வருவதற்கு முன்னாடியே காலை எடுத்திருக்கேன்.

இப்போ டாங்கிக் கதை. ஆவடி தொழிற்சாலை 1961-இல் ஆரம்பித்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. டாங்கிக்கு ஸ்டியரிங்கால் திரும்பும் சக்கரம் கிடையாது; ஒரு பக்கச் சங்கிலி வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓடினால்தான் திரும்பும். ஒரு பக்கத்துக்கு பிரேக் போட்டு இழுத்தால் சக்தியெல்லாம் சூடாகி வீணாகும். பிரிட்டிஷ் எஞ்சினியர் மெரிட், ஒரு பக்கம் குறைவதை அப்படியே மறுபக்கத்தில் கூட்டும் டிஃபரன்ஷியல் அமைப்பைக் கொண்டுவந்தார். விஜயந்தாவின் கியர்பாக்ஸும் அந்த வழியில் வந்ததுதான். அப்பா இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "அங்க வித்தியாசத்தை வேணும்னே உண்டாக்கணும், இங்க வித்தியாசத்தை நிறுத்தணும். சாமான் ஒண்ணுதான்."

இந்தத் தானியங்கிப் பூட்டு 2015-இல் மஹிந்திரா தாரில் வந்தது, 2020-இல் வந்த புதிய தாரிலும் இருந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2021-இல் வந்த பொலேரோ நியோவின் என்10 ஆப்ஷன் மாடல். ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி, ஃபோர் வீல் டிரைவே கிடையாது, ஆனால் பின்னாடி பூட்டு உண்டு. நம்ம புறநகர்த் தெருவுக்கு, ஒரு சக்கரம் பள்ளத்தில், மூணு சக்கரம் ரோட்டில் என்ற நிலைமைக்கு, இதுதான் சரியான மருந்து என்பது என் கட்சி. 2024-இல் வந்த தார் ராக்ஸ் ஃபோர் வீல் டிரைவில் எலெக்ட்ரானிக் பூட்டு. ஓட்டுபவர் கேட்டால்தான் பூட்டும். ஆஃப்ரோடு போகிறவர்களுக்கு அது வசதி. பாட்டியை வைத்துக்கொண்டு பதட்டத்தில் இருக்கிறவனுக்கு இன்னொரு பட்டன் வேண்டாம்.

கூட வாழ்கிறவர்களுக்கு சில விஷயம். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுப் பார்க்கவே பார்க்காதீங்க. தூக்கிய சக்கரம் வேகமாகச் சுத்தும், பூட்டு விழும், தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். பூட்டின நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும், அதனால் பக்கத்தில் ஆளை நிறுத்தாதீங்க. உள்ளே கிளட்ச் தட்டுகள் இருப்பதால் மேனுவலில் சொன்ன ஆயிலைத்தான் ஊற்றணும். ரெண்டு பின்சக்கரமும் சேற்றில் என்றால் பூட்டும் கைவிரித்துவிடும்.

தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றப்போ, எங்க தெருவிலும் முழங்கால் அளவு. வண்டியை எடுக்கிறேன் என்றேன், அப்பா சாவியைத் தரவில்லை. பூட்டு பிடிமானத்தைத்தான் கொடுக்கும், மிதக்கிற வண்டிக்குப் பிடிமானம் ஏது?

அந்தப் பள்ளம் இன்னும் அங்கேயேதான் இருக்கு. போன வாரமும் மாட்டினோம். இந்தத் தடவை நான் காலை எடுக்கலை. 'டக்' கேட்டதும் பின்சீட்டிலிருந்து பாட்டி, "பூட்டு விழுந்துடுச்சுடா, போ" என்றார்.