ஆட்டிசமும் பெண் குழந்தைகளும்

பிறருடன் பேசிப் பழகுவதில் இடர்ப்பட்டு, தமக்கென ஒரு போக்கில் வளரும் குழந்தைகளின் நிலையை மருத்துவ உலகம் ஆட்டிசம் என்கிறது. இது பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே உரியதென நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வெண்ணம் தோன்றிய விதத்தையும் தளர்ந்த விதத்தையும் நாம் சற்று நோக்குவோம்.

1925-இல் மாஸ்கோ நகர மருத்துவர் குருன்யா சுகரேவா அம்மையார் இத்தகைய 6 சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1927-இல் சிறுமியரைப் பற்றியும் தனியே எழுதினார். ஆயினும் முதற்கட்டுரை 1996-இல்தான் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சிறுமியரைப் பற்றியது அதற்கும் பின்னரே வந்தது. இதற்கிடையில், 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்தார். அவர்களுள் 8 பேர் ஆண்கள். 3 பேர் பெண்கள். 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எடுத்துக்காட்டிய நால்வரும் சிறுவர்களே. சிறுவர்களின் இயல்பே அளவுகோலாயிற்று. அதற்குள் அடங்காத சிறுமி கூச்சமுடையவள் என்றே கருதப்பட்டாள்.

காரணம் தேடியவர்களுட் சிலர் தாயின்மீது பழி சுமத்தினர். தாயின் அன்பின்மையே காரணம் என்ற கொடிய கருத்து 1950-களிலும் 1960-களிலும் பரவிற்று. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரே கருவினின்று பிறந்த 11 இணைகளுள் 4-இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவினின்று பிறந்த 10 இணைகளுள் ஒன்றிலும் அவ்வாறில்லை. ஆராய்ச்சி மரபணுவை நோக்கித் திரும்பியது. தாயின்மீதிருந்த பழியும் நீங்கலாயிற்று.

2003-இல் பாரிஸ் அறிஞர்கள், எக்ஸ் குரோமோசோமிலுள்ள இரு மரபணுக்களின் பழுதை ஆட்டிசமுள்ள சகோதரர்களிடம் கண்டனர். ஆணுக்கு அக்குரோமோசோம் ஒன்றே, பெண்ணுக்கு இரண்டு. ஒன்றிலுள்ள பழுதை ஈடுசெய்ய ஆணிடம் மற்றொன்று இல்லை. எனினும், இது சில குடும்பங்களுக்கு மட்டுமே விடையாகும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசமுள்ள பெண்களிடம் ஆண்களைவிடக் கடுமையான மரபணு மாற்றங்கள் மிகுந்திருப்பதைக் காட்டியது. பெண்ணுடல் கூடுதலாகத் தாங்குகிறது போலும் என அறிஞர் கருதினர்.

மூளையைப் படம்பிடிக்கும் கருவியும் துணைக்கு வந்தது. 2013-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 120 பேரின் மூளைப்படங்களை ஒப்பிட்டனர். ஆட்டிசமுள்ள ஆண்களிடம் கண்ட மாற்றங்கள், பெண்களிடம் பெரும்பாலும் அதே இடங்களில் காணப்படவில்லை. ஆகவே, ஆண்களை ஆராய்ந்து பெற்ற முடிவைப் பெண்களுக்கும் அப்படியே பொருத்துதல் தகாது.

நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற பழைய கணக்கு, 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மூன்றுக்கு ஒன்று என்ற அளவை நெருங்கியது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுள்ளது. ஆனால், அறியப்படாத சிறுமிக்குச் சட்டம் எவ்வாறு துணை நிற்கும்? ஒதுங்கி அமைதியாக இருக்கும் பெண் குழந்தையை அடக்கமானவள் என்று பாராட்டி விட்டுவிடாமல், அவள் படும் இடரையும் கேட்டறிவது நம் கடமையாகும்.