காலை வானொலியும் கிறிஸ்துமஸ் அடுக்களையும்



1940-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக் காலைப்பொழுது ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருமாறு உங்களை வேண்டுகிறேன். இடம் இங்கிலாந்து. மணி எட்டாகப் போகிறது. ஆயினும் வெளியே இருள் நீங்கவில்லை. போர்க்காலத்தில் அந்நாட்டார் குளிர்காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்திருந்தமையால், டிசம்பரில் லண்டன் மாநகரில் சூரியன் உதிப்பதற்கு ஒன்பது மணி ஆகிவிடும். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிச் சன்னல்களைக் கருந்திரை மறைத்திருக்கிறது. தந்தை போர்முனையில் இருக்கலாம். குழந்தைகள் குண்டுவீச்சுக்குத் தப்பி எங்கோ ஒரு கிராமத்தில் அயலார் வீட்டில் இருக்கலாம். அடுக்களையில் தாய் ஒருத்தி அடுப்பை மூட்டுகிறாள். அவளுக்குத் துணையாக அங்கே பேசுவது வானொலிப் பெட்டி ஒன்றே.

அப்பெட்டியிலிருந்து முதலில் சில நிமிட நேரம் ஓர் ஆன்மிகச் சிற்றுரை வருகிறது. அதைத் தொடர்ந்து எட்டு மணிச் செய்தி. செய்தி முடிந்ததும், எட்டேகால் மணிக்குச் சமையற்குறிப்பு. வேண்டுதல், போர்ச் செய்தி, சமையல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அடுத்து நின்ற இந்தக் காலை வரிசை, ஒரு சமுதாயம் தன் பெரும் பண்டிகையை வறுமையிலும் எவ்வாறு காத்துக்கொண்டது என்பதை நமக்குக் காட்டுகிறது. அதன் வரலாற்றையே இன்று உங்களுடன் சிந்திக்க விழைகிறேன்.

ஆங்கிலேயர் வாழ்வில் ஆலயத்துக்கும் அடுக்களைக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. கிறிஸ்துமஸ் நாளுக்கு முன் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காலத்தைத் திருவருகைக் காலம் என்பர். அது தொடங்குவதற்கு முந்திய ஞாயிறன்று இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூற்படி ஓதப்படும் வேண்டுதல், விசுவாசிகளின் உள்ளங்களைத் தூண்டி எழுப்புமாறு இறைவனை இறைஞ்சுவது. ஆங்கிலத்தில் தூண்டுவதற்கும் கிளறுவதற்கும் சொல் ஒன்றே. ஆகவே ஆலயத்தில் அச்சொல் காதில் விழுந்ததும், வீட்டில் கிறிஸ்துமஸ் புட்டிங் மாவைக் கிளற வேண்டிய நாள் வந்துவிட்டது என்று இல்லத்தரசிகள் நினைவு கூர்ந்தனர். அந்த ஞாயிற்றுக்கே 'கிளறும் ஞாயிறு' என்ற பெயர் மக்கள் வழக்கில் நிலைத்தது.

அன்று குடும்பத்தார் அனைவரும், தாத்தா முதல் தவழும் குழந்தை வரை, ஆளுக்கொரு முறை அகப்பையைப் பிடித்துக் கிளறுவர். குழந்தை இயேசுவைத் தேடிக் கீழ்த்திசையிலிருந்து வந்த ஞானியரின் நினைவாகக் கிழக்கிலிருந்து மேற்காகக் கிளற வேண்டும் என்பது மரபு. உலர்திராட்சை, மாட்டுக் கொழுப்பு, ரொட்டித் தூள், சர்க்கரை, முட்டை, மசாலைப் பொருள்கள் ஆகியவை சேர்ந்த அக்கலவையை மணிக்கணக்காக வேகவைத்து, பண்டிகை நாள்வரை பாதுகாப்பர். வேண்டுதல் ஒன்று பாகமுறையாகி, அப்பாகமுறை குடும்பத்தை ஒன்றுகூட்டியது.

இப்பண்டிகைக்கு இதற்கு முன்பும் சோதனை வந்ததுண்டு. 1647-ஆம் ஆண்டில் தூய்மைவாதிகளின் செல்வாக்கிலிருந்த பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்து ஆணையிட்டது. வேதத்தில் அதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். அவ்வாண்டு கிறிஸ்துமஸன்று கான்டர்பரி நகரில் கடைகளைத் திறந்து வைக்குமாறு அதிகாரிகள் வற்புறுத்த, மக்கள் கலகம் விளைத்தனர். 1660-இல் முடியாட்சி மீண்டபோது பண்டிகையும் மீண்டது. சட்டத்தால் ஒழிக்க இயலாத அப்பண்டிகையை இருபதாம் நூற்றாண்டில் பஞ்சம் ஒழித்துவிடுமோ என்ற ஐயம் எழுந்தது.

அதற்குக் காரணம் அந்தப் புட்டிங்கின் உள்ளேயே இருந்தது. 1927-ஆம் ஆண்டில் பேரரசு வாணிபக் கழகம் என்ற அரசாங்க அமைப்பு, அரண்மனைச் சமையற்காரர் அளித்த புட்டிங் குறிப்பு ஒன்றை நாடெங்கும் பரப்பியது. ஆஸ்திரேலியாவின் உலர்திராட்சை, ஜான்சிபாரின் கிராம்பு, இலங்கையின் கறுவாப்பட்டை, இந்தியாவின் மசாலை எனப் பேரரசின் பல நாடுகளும் ஒரே கிண்ணத்தில் கலந்தன. வாணிப விளம்பரமே அதன் நோக்கம். ஆனால் வரலாற்று மாணவனுக்கு அது வேறோர் உண்மையையும் உணர்த்துகிறது. ஆங்கிலேயரின் வீட்டுப் பண்டிகை கடல்வழிக் கப்பல்களை நம்பியிருந்தது. அந்நாடு உண்ட உணவிற் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. கப்பல் நின்றால் கிண்ணம் வெறுங்கிண்ணமே.

இனி வானொலியின் கதைக்கு வருவோம். பி.பி.சி. நிறுவனம் 1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதை நடத்திய ஜான் ரீத், ஸ்காட்லாந்து நாட்டுப் போதகர் ஒருவரின் மைந்தர். மக்களை மகிழ்விப்பது மட்டுமன்றி, அவர்கள் அறிவையும் ஒழுக்கத்தையும் உயர்த்துவதும் வானொலியின் கடமை என்று அவர் கருதினார். 1924 ஜனவரி 6-ஆம் நாள் லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்திலிருந்து வழிபாடு நேரடியாக ஒலிபரப்பாயிற்று. 1928 ஜனவரி 2-ஆம் நாள் முதல் காலைதோறும் சிறு வழிபாடு ஒன்று ஒலிபரப்பாகத் தொடங்கியது. அதற்காகத் தளராமல் வேண்டி நின்றவர் ஒரு பெண் நேயர் என்பது குறிப்பிடத்தக்கது. நோய்ப்படுக்கையில் இருந்தோரும், வீட்டு வேலையை விட்டு நகர இயலாத பெண்களும் அதன்வழி இருந்த இடத்திலிருந்தே வழிபட்டனர்.

அதே 1928-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் கிறிஸ்துமஸ் முன்னாள் வழிபாடு முதன்முறையாக வானொலியில் ஒலித்தது. 1932-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கிறிஸ்துமஸன்று தம் குடிகளுக்கு முதன்முதலாக வானொலி வாயிலாக வாழ்த்துரைத்தார். விருந்துண்ட குடும்பம் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்வது புதியதொரு கிறிஸ்துமஸ் வழக்கமாயிற்று.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மாரும், நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1940 ஜூன் முதல் ஆலய மணிகள் மௌனமாயின. பகைவர் படை நாட்டில் இறங்கினால் மட்டுமே அவை ஒலிக்க வேண்டும் என்பது கட்டளை. ஆகவே 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மணியோசை இல்லாமலே கிறிஸ்துமஸ் பிறந்தது. கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் பழைமையான வண்ணக் கண்ணாடிகள் பாதுகாப்புக்காகக் கழற்றப்பட்டன. குளிர் புகுந்த அவ்வாலயத்திலிருந்து பாடல்கள் தொடர்ந்து ஒலித்தன. ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பதைப் பகைவர் அறியாதவண்ணம் ஆலயத்தின் பெயர் சொல்லப்படவில்லை.

போரின் முதற் கிறிஸ்துமஸன்று, ஆறாம் ஜார்ஜ் மன்னர் தம் உரையின் முடிவில் ஒரு கவிதையின் வரிகளைச் சொன்னார். இறைவன் கரத்தைப் பற்றிக்கொண்டு இருளில் நடப்பதைப் பற்றிய வரிகள் அவை. கேட்டோர் உள்ளம் உருகினர். பாடியவர் யாரென்பது அவர்களுக்குத் தெரியவில்லை. மின்னி லூயிஸ் ஹாஸ்கின்ஸ் என்ற அப்பெண்மணி, இளமையில் நம் சென்னையில் மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்து பெண்களிடையே பணி புரிந்தவர். இங்குள்ள பணிக்குப் பொருள் திரட்டும் பொருட்டு வெளியிட்ட சிறு நூலில் இருந்தது அக்கவிதை. அதை எழுதியவரே மன்னரின் உரையை நேரிற் கேட்கவில்லை. பின்னர் அதன் சுருக்கத்தைக் கேட்கும்போதுதான் அவை தம் சொற்கள் என்று உணர்ந்தார்.

1940 ஜனவரி 8-ஆம் நாள் உணவுப் பங்கீடு தொடங்கியது. ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், பன்றியிறைச்சி 4 அவுன்ஸ், சர்க்கரை 12 அவுன்ஸ். அவ்வாண்டிலேயே சர்க்கரை 8 அவுன்சாகக் குறைந்தது. ஜூலையில் தேயிலை 2 அவுன்ஸ் என்று வரையறுக்கப்பட்டது. கேக்கின்மீது சர்க்கரைப் பூச்சு இடுவதும் தடைசெய்யப்பட்டது. திருமண விருந்துகளில் சிறு கேக் ஒன்றை வைத்து, அட்டையாற் செய்த வெண்ணிறக் கூட்டினால் அதை மூடி அழகு பார்த்தனர்.

இந்நிலையிற்றான் நாம் தொடக்கத்தில் கண்ட காலை ஒலிபரப்பு உருவாயிற்று. 1939 டிசம்பரில் தொடங்கிய ஆன்மிகச் சிற்றுரைக்கு, 'இதயங்களை உயர்த்துங்கள்' என்னும் பொருள்படும் திருவிருந்து வழிபாட்டுத் தொடரே பெயராயிற்று. 1940 ஜூனில், ஊல்டன் பிரபுவின் தலைமையிலிருந்த உணவு அமைச்சகமும் பி.பி.சி.யும் இணைந்து, 'கிச்சன் ஃபிரண்ட்', அதாவது 'சமையலறைப் போர்முனை' என்ற ஐந்து நிமிட நிகழ்ச்சியைத் தொடங்கின. பெண்கள் கடைக்குப் புறப்படுமுன் கேட்க வேண்டும் என்பதற்காகவே எட்டேகால் மணி தேர்ந்தெடுக்கப்பட்டது.

அங்கே அதிகாரிகள் மட்டும் பேசவில்லை. எல்ஸி வாட்டர்ஸ், டாரிஸ் வாட்டர்ஸ் என்ற நகைச்சுவைச் சகோதரியர், லண்டன் தொழிலாளர் வீட்டுப் பெண்களைப் போலக் கேலியும் சண்டையுமாகப் பேசிச் சமையல் கற்பித்தனர். 'வானொலி மருத்துவர்' என்று பெயர் பெற்ற சார்ல்ஸ் ஹில், உடல்நலத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். கட்டளை கசக்கும், அடுத்த வீட்டுக்காரியின் பேச்சு இனிக்கும். இவ்வுண்மையை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

வானொலியும் அமைச்சகத்தின் துண்டுப் பிரசுரங்களும் கற்பித்த பண்டிகைச் சமையல் விந்தையானது. உலர்திராட்சையும் சர்க்கரையும் போதாமற் போகவே, காரட்டையும் உருளைக்கிழங்கையும் துருவிப் புட்டிங்கிற் சேர்த்தனர். காரட்டின் இயற்கை இனிப்பு சர்க்கரைக்கு ஈடு செய்தது. அதன் ஈரம் புட்டிங்கை மிருதுவாக்கியது. பாதாம் பருப்பு கிட்டாமையால், சோயா மாவையும் மார்கரீனையும் பிசைந்து, சில துளி பாதாம் சாரம் விட்டு, கேக்கின்மீது பூசினர். உருளைக்கிழங்கையும் ஆப்பிளையும் சிறிது பாலாடைக்கட்டியையும் அடுக்கிச் சுட்டு, அதற்குப் 'போலி வாத்து' என்று பெயரிட்டனர். எரிபொருளை மிச்சப்படுத்த, கொதித்த பாத்திரத்தை வைக்கோல் நிரம்பிய பெட்டிக்குள் புதைத்து, அச்சூட்டிலேயே வேகவைத்தனர்.

இவை சுவையில் உண்மைக்கு ஈடாகா என்பதை உண்டவர் அனைவரும் அறிவர். பின் எதற்காக இத்தனை பாடு? கிளறும் ஞாயிறு வரும்போது கிண்ணத்தில் கிளற ஏதேனும் இருக்க வேண்டும். குடும்பத்தில் எஞ்சியவர்கள் அகப்பையைப் பிடிக்க வேண்டும். வழக்கம் அறுந்தால், பிரிந்தவர்கள் திரும்பி வரும்போது வீடு வீடாக இராது என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்துக்கு விடையாகவே புட்டிங்கில் காரட் புகுந்தது.

இதில் நீதியும் ஒன்று இருந்தது. பங்கீட்டு அட்டை செல்வருக்கும் உண்டு, ஏழைக்கும் உண்டு. அரண்மனைக்கும் அது பொருந்தும் என்றே அறிவிக்கப்பட்டது. 1940-இல் தொடங்கிய பால் திட்டத்தினால் ஏழைக் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மலிவு விலையிலோ இலவசமாகவோ பால் கிடைத்தது. பலர் தங்கள் முன்னைய வாழ்வினும் ஒழுங்கான உணவைப் போர்க்காலத்தில் உண்டனர். இருப்பதைப் பகிர்ந்துண்பதே பண்டிகை என்ற பழைய போதனையை, ஒரு வகையில் பங்கீடு நடைமுறையாக்கியது.

ஆயினும் வரலாற்றை ஒரு பக்கம் மட்டும் நோக்குதல் தகாது. கறுவாவும் மசாலையும் அனுப்பிய கீழைநாடுகள் அந்த நீதியின் வட்டத்துக்கு வெளியே நின்றன. 1943-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் மூண்டு, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 30 இலட்சம் பேர் வரை மாண்டனர் என்று பிற்கால ஆய்வாளர் கணிக்கின்றனர். தானியக் கப்பல்களை அனுப்புமாறு இந்தியாவிலிருந்து சென்ற வேண்டுகோளுக்கு லண்டன் போர் அமைச்சரவை போதிய அளவு செவிசாய்க்கவில்லை. தன் வீட்டுக் குழந்தைகளுக்கிடையே நேர்மையாகப் பங்கிட்ட கரம், தொலைவில் இருந்தோருக்கு நீளவில்லை. காலைதோறும் இதயங்களை உயர்த்துமாறு கேட்டுவந்த நல்லோர் பலர் இதை அறிந்தும் இரார். அடுக்களையில் தாய் செய்த தியாகம் இதனாற் சிறுமையுறாது. ஆனால் அரசின் நீதிக்கு அது அளவுகோல் ஆகாது என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது.

1942 கிறிஸ்துமஸன்று ஆலய மணிகள் மீண்டும் ஒலிக்க இசைவு கிட்டியது. போர் 1945-இல் முடிந்தது. பங்கீடோ 1954 ஜூலை வரை நீடித்தது. காலை ஆன்மிகச் சிற்றுரை அதே பெயருடன் 1965 வரை தொடர்ந்து, பின்னர் வேறு பெயர் பெற்றது.

மாணவ நண்பர்களே, போரின் வரலாற்றை எழுதப் புகுவோர் படைத்தலைவர்களின் கடிதங்களை ஆராய்கின்றனர், அது வேண்டுவதே. அவற்றோடு அக்காலத்துத் தாய் ஒருத்தி தன் குறிப்பேட்டில் எழுதிவைத்த காரட் புட்டிங்கின் செய்முறையையும் வைத்துப் பாருங்கள். கப்பல்கள் மூழ்கியதும், கணவன் வாராததும், குழந்தை தொலைவில் இருந்ததும், அவ்வளவுக்கும் பின்னர் அவள் அடுப்பை மூட்டியதும் அந்தச் சில வரிகளுள் அடங்கியிருக்கின்றன. உங்கள் இல்லத்தில் பொங்கலோ, ரமலானோ, கிறிஸ்துமஸோ வரும்போது, பாட்டியிடம் சென்று, பஞ்ச காலத்தில் பண்டிகைக்கு என்ன சமைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அதுவும் வரலாறே.