பெருக்கிக்குள்ள காப்பு யாருக்கு?

அதிர்வுச் சோதனைக்குரிய திறன் பெருக்கியின் விவரத்தாளில் காப்பு ஏற்பாடுகளின் பட்டியல் நீளமாகவே இருக்கும்: மிகை மின்னோட்டம், மிகை மின்னழுத்தம், மிகை வெப்பம், குளிர்காற்று நின்றுபோதல், புலச்சுருள் மின்னோட்டம் அறுதல். இத்தனையும் இருக்கையில் மேடைமேல் ஏற்றிய பொருளுக்கு என்ன ஆபத்து என்று எண்ணுவது எளிது. அந்த எண்ணம் தவறு. இவற்றில் பெரும்பாலானவை பெருக்கியையும், அது இயக்கும் அதிர்வு இயந்திரமான ஷேக்கரையும் காப்பவை. பொருளைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

மின்னியக்க ஷேக்கரில், நிலையான காந்தப்புலத்துக்குள் இருக்கும் ஆர்மேச்சர் சுருளில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறதோ அதற்கேற்ற விசை பிறக்கிறது. 5 ஹெர்ட்ஸில் 1 ஜி முடுக்கம் வேண்டுமானால், மேடை முனைக்கு முனை ஏறத்தாழ 20 மி.மீ. ஆட வேண்டும். 500 ஹெர்ட்ஸில் அதே 1 ஜிக்கு 2 மைக்ரோமீட்டர் போதும். நிறை மாறவில்லை, முடுக்கம் மாறவில்லை. ஆகவே, ஒத்ததிர்வுகளை ஒதுக்கிவைத்தால், மின்னோட்டமும் ஏறக்குறைய ஒன்றே. மின்னோட்டத்தை மட்டும் காவல் காக்கும் சுற்றுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆர்மேச்சர் எல்லை மீறி இடிப்பதைத் தடுக்கத் தனியே ஓர் உணரி வேண்டியிருப்பது இதனால்தான்.

பெருக்கி ட்ரிப் ஆகும் விதமும் கேள்விக்குரியதே. முழு மட்டத்தில் ஓடுகையில் வெளியீடு சட்டென அறுந்தால், அந்த அறுப்பே ஓர் அதிர்ச்சியாகப் பொருளைத் தாக்கக்கூடும். பெருக்கியின் கணக்கில் அது வெற்றி!

2000 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் நடந்தது, பெருக்கியின் காப்பு பொருளைக் காக்காது என்பதற்குத் தக்க சான்று. சூரியச் சுடர்களை ஆராய உருவான ஹெஸ்ஸி விண்கலத்துக்குச் சுமார் 2 ஜி தர வேண்டிய சோதனையில் 20 ஜி அளவு விழுந்தது. ஷேக்கரின் இயந்திரப் பகுதியில் நிலை உராய்வு மிகுந்திருந்தது. தொடக்கச் சரிபார்ப்புக்கான சிறு சமிக்ஞைக்கு மேடை சரியாக அசையவில்லை. கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பி, முழு மட்டத்துக்கு மிகப் பெரிய உந்துதலைக் கணித்தது. உராய்வு விடுபட்டதும் அந்த உந்துதல் கலத்தின் மேல் இறங்கியது, கட்டமைப்பு சேதமடைந்தது. சில சுழற்சிகளே நீளும் சைன் வெடிப்பு அது. பின்னூட்டத்தைப் பார்த்துத் திருத்த அவகாசமே இல்லை. பழுது பார்க்கப்பட்ட கலம் 2002 பிப்ரவரி 5 அன்றுதான் ஏவப்பட்டது. ஏவூர்திச் சிக்கல்களும் அந்தத் தாமதத்தில் சேர்ந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நம் வாதத்துக்கு முக்கியமானது வேறு. 20 ஜிக்கு வேண்டிய விசை அந்த இயந்திரத்தின் ஆற்றலுக்கு உட்பட்டதே. இல்லையேல் அதைத் தந்திருக்க முடியாது. ஆகவே பெருக்கியின் காப்புகளுக்கு அதில் தவறு எதுவும் தெரிந்திராது.

கட்டுப்பாட்டுக் கருவியின் முடுக்க எல்லைகள் போதாவா என்று கேட்கலாம். கட்டுப்படுத்தும் உணரியையே காவலுக்கும் நம்பினால் போதா. ஒட்டிய உணரி கழன்றால் கருவி குறைவான அதிர்வைக் கண்டு உந்துதலை மேலும் ஏற்றும். காவலுக்கு இன்னொரு உணரி தேவை. ஆனால் அதுவும் நிகழ்ந்ததைப் பார்த்த பிறகே நிறுத்தும்.

முன்கூட்டியே கட்டிப்போடக்கூடியது மின்னோட்ட எல்லைதான். நகரும் மொத்த நிறையை அனுமதிக்கப்பட்ட முடுக்கத்தால் பெருக்கினால் விசை கிடைக்கும். அதற்குரிய மின்னோட்டத்துக்குச் சற்று மேலே எல்லையை வைக்கலாம். ஒத்ததிர்வு வரும் சோதனைகளில் இந்தக் கணக்கு தனியே போதாது. முதல் ஒத்ததிர்வுக்கு வெகு கீழே நடக்கும் சைன் வெடிப்புக்கோ கச்சிதமாகப் பொருந்தும். மின்னோட்ட எல்லையைப் பெருக்கியின் உச்சத் திறனுக்கு விட்டுவைக்காமல், பொருளுக்குப் பொருள் மாற்றி அமைப்பதைச் சோதனைக்கூடங்கள் எழுத்து வடிவிலான நடைமுறையாக்க வேண்டும்.